காலிக் கோப்பு குற்றவாளியான கதை

நம் வேலையை வெளியே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் சேர்ந்த புதிதில் என் கணவர், கரையாம்புத்தூரில் இருக்கும் தன் சொந்தக்காரர்களிடம், "சகுந்தலா கம்ப்யூட்டர்ல கிருமி புடிக்கிறா" என்று சொல்லிவைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "இன்னாமோ மெதுவா ஓடுது, அந்த வைரஸ மட்டும் எடுத்துக் குடும்மா." எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் என் புகுந்த வீட்டார் கண்ணுக்கு நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

எனக்கு நடந்த பிரிவு உபசாரத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நான்கு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். பேசியவர்கள் எல்லோரும் நான் தவறே செய்யாதவள் என்பதுபோலப் பேசினார்கள். நீங்கள் நம்பிவிட்டீர்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. அது ஆபத்து. ஆகையால் என் தவறுகளில் மிகப் பெரியதை நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையில், சுற்றிலும் கரும்பு நிற்கும் ஒரு ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சிக் கூடமும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நான் எழுதிய மென்பொருளின் பெயர் 'ஜாடை'. இரண்டு பிள்ளைகளைப் பார்த்து ஒரே ஜாடை என்கிறோமே, அதைக் கிருமிகளுக்குச் சொல்வது அதன் வேலை. ஒரு கிருமியின் மரபணுவில் லட்சக்கணக்கான எழுத்துகள். நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியின் எழுத்துகளை, மூலப் பிரதி என்று நாங்கள் வைத்திருந்த ஒரு கிருமியோடு வரிசையாக ஒப்பிட்டுப் பார்க்கும். இப்படி ஒப்பிட்ட இரண்டு சாம்பிள்களுக்குள் நாலைந்து எழுத்துதான் வித்தியாசம் என்றால், ஒரே இடத்திலிருந்து கிளம்பிய கிருமி என்று அர்த்தம். நிரல் திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், திட்டலாம். எடுத்தவர்கள் பல தேசங்களில் இருந்தார்கள். திட்டியது பெரும்பாலும் ஒரே ஆள்.

சேற்றுநண்டு என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்துக்கொண்டிருந்த ஆள். முகம் கிடையாது, ஊர் கிடையாது. எல்லோரும் பார்க்கும் ஜாடையின் பொதுப் பக்கத்தில் மாதம் இரண்டு புகாராவது வரும். 'உங்கள் கையேட்டின் மூன்றாம் பக்கம் பொய் சொல்கிறது.' 'பிழைச் செய்தியில் உள்ள இலக்கணப் பிழையை என்ன செய்வதாக உத்தேசம்?' இப்படி. ஐரோப்பாவில் எங்கோ பனிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும், தாடி வைத்த, மனைவியோடு பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு பேராசிரியரை நான் கற்பனை செய்துவைத்திருந்தேன். அந்தத் தாடியைப் பார்த்தால் பிடித்து இழுப்பது என்றும் தீர்மானம்.

ஒருநாள் அந்த நண்டு எழுதியது: 'எதுவும் இல்லாத காலிக் கோப்பைக் கொடுத்தேன். ஜாடை முடிவு சொல்கிறது.' அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு தள்ளிப்போயிருந்தது. இதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை. 'காலிக் கோப்பைக் கொடுத்தால் காலிப் பதில்தான் வரும். இது பயனரின் தவறு. புகார் மூடப்படுகிறது' என்று எழுதி மூடினேன். கீழே ஒரு சிரிக்கும் முகமும் போட்டேன். வந்த பதில் காலியாக இல்லை என்பதுதான் அவருடைய புகாரே. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் படிக்கவில்லை. படித்ததாக நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

நான்கு மாதம் கழித்து, எங்கள் நர்ஸிங் மாணவிகள் விடுதியில் ஒன்பது பேருக்கு ஒரே சமயத்தில் காய்ச்சலும் பேதியும். இரண்டு பெண்களுக்கு நிலைமை மோசமாகி, உள்நோயாளிகளாகச் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எங்கே சாப்பிட்டீர்கள் என்ற விசாரணையில் எல்லோரும் சொன்ன ஒரே பெயர் அந்தோணியம்மா.

அந்தோணியம்மாவைத் தெரியாதவர்கள் அந்த வளாகத்தில் இல்லை. வாசல் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் இட்லி, தோசை. பெரிய டாக்டர்களையே "இன்னாப்பா, நேத்து வரல?" என்று அதட்டுவார். அவர் கடைச் சட்னியிலிருந்து ஒரு சாம்பிள் எடுத்துக் கீழ்த்தளப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கிருமியை வளர்த்து, எழுத்துகளைப் படித்து, கோப்பை மேல்தளத்துக்கு என்னிடம் அனுப்பினார்கள். நான் ஜாடையை ஓட்டினேன். நோயாளிகளின் கிருமிக்கும் சட்னிக் கிருமிக்கும் வித்தியாசம் இரண்டே எழுத்து.

அறிக்கையில் 'ஒரே கிருமி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நன்றாக வேலை செய்தோம் என்ற திருப்திதான் இருந்தது. அந்தோணியம்மாவின் முகம் ஒருமுறை வந்துபோனது. விஞ்ஞானத்துக்கு முகதாட்சண்யம் கிடையாது என்று எனக்கு நானே ஒரு வசனம் பேசிக்கொண்டேன். வசனம் பேசத் தோன்றினால் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். அது தப்பு நடப்பதற்கு அறிகுறி.

அந்தோணியம்மாவைக் கடை போடக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். வண்டியை அங்கிருந்து நிரந்தரமாக அகற்றக் கொம்யூன் பஞ்சாயத்துக்கு எழுதினார்கள். சனிக்கிழமை காலை கூட்டம், திங்கட்கிழமை வண்டி எடுப்பு.

வெள்ளிக்கிழமை மதியம் என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு கோமதி வந்தாள். கீழ்த்தளக் கூடத்தில் டெக்னீஷியன், பாகூர்ப் பெண். தினமும் ஒரே பஸ்ஸில் வருவோம். எனக்கு இடம் பிடித்து வைப்பாள். பஸ்ஸில் அவள் 'நேத்து மழை', 'இன்னிக்கு வெயில்' தாண்டிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"மேடம், அந்தச் சட்னி சாம்பிள் நான்தான் எடுத்தேன். தட்டுல ஒழுங்கா ஒண்ணும் வளரல. ஏதோ ரெண்டு புள்ளி. படிச்சதுல எழுத்தே வரல. 'தரமில்லை'ன்னு எழுதித்தான் மேல அனுப்பினேன். அதப் போயி ஒரே கிருமின்னு சொல்லியிருக்கீங்க."

"ஜாடை சொல்லுது கோமதி. நானா சொல்றேன்?"

"ஜாடைய நீங்கதானே எழுதினீங்க?"

கோப்போடு வந்த அந்தக் குறிப்பை நான் பார்க்கவே இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"நாலு மாசம் முன்னாடியே எழுதினேனே மேடம். காலிக் கோப்புக்கும் முடிவு சொல்லுதுன்னு. பயனரின் தவறுன்னு போட்டு மூடிட்டீங்க. சிரிச்ச மூஞ்சி வேற."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெதுவாக விளங்கியது. பனி கரைந்தது, பேராசிரியர் கரைந்தார், தாடி கடைசியாகப் போனது.

"நீதான் சேற்றுநண்டா?"

"ஆமா."

"தெனம் பக்கத்துல உக்காந்து வர்றியே, வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"பஸ்ஸுல நீங்க மேடம். அங்க நீங்க புரோகிராம் எழுதினவங்க, நான் அத ஓட்டறவ. அங்கதான் சண்ட போட முடியும்." சற்று நிறுத்தி, "இலக்கணப் பிழை இன்னும் அப்படியேதான் இருக்குது" என்றாள்.

இருவரும் உட்கார்ந்து நிரலைத் திறந்தோம். இருபது நிமிடத்தில் கண்ணில் பட்டுவிட்டது. எந்த இடத்தில் எழுத்தைப் படிக்க முடியவில்லையோ, அந்த இடத்தில் மூலப் பிரதியின் எழுத்து இருப்பதாக ஜாடை வைத்துக்கொள்கிறது. ஆரம்ப காலத்தில், ஒரு அவசரத்துக்கு, பிறகு சரிசெய்யலாம் என்று நான்தான் அப்படி எழுதியிருந்தேன். மாணவிகளின் கிருமி மூலப் பிரதியிலிருந்து இரண்டே எழுத்து விலகியது. சட்னியில் எதையும் படிக்க முடியவில்லை. ஆக முழுக்க மூலப் பிரதியாகவே நிரப்பிக்கொண்டு, 'இரண்டு எழுத்து வித்தியாசம், ஒரே கிருமி' என்று நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கிறது. தெரியாது என்பதை அது தெரியும் என்று படித்திருக்கிறது. என்னைப் போலவே.

திருத்தம் நான்கு வரி. எழுதினேன். ஒவ்வொரு திருத்தத்தோடும் என்ன மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டுமல்லவா? 'சிறு மேம்பாடு' என்று தட்டினேன்.

என் தவறை நானே எழுதிக் கொடுப்பதாக ஆரம்பத்தில் சொன்னேன். தட்டினேன். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிச் சட்னியை மறுபடி பரிசோதிக்க வைக்கலாம், முடிவு மாறிவிடும், வண்டி தப்பிக்கும், ஜாடையின் பெயரும் தப்பிக்கும் என்று மனசு வழி போட்டுக் கொடுத்துவிட்டது. ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருந்தது. கோமதி திரையைப் பார்த்தாள். தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். என் திரையில், மூடிய அந்தப் பழைய புகாரின் கீழே சேற்றுநண்டின் புதுக் குறிப்பு வந்து நின்றது: 'மேம்பாடா?'

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தின் முன்னால் கேட்டாள். நான் குறிப்பை அழித்துவிட்டு, 'படிக்காத எழுத்துகளைப் படித்ததாகக் காட்டிய பெரும் பிழை. பழைய முடிவுகளை நம்ப வேண்டாம். நான்கு மாதம் முன்பே சொல்லப்பட்டது, நான் கேட்கவில்லை' என்று எழுதினேன். பிறகு அந்தப் புகாரை மறுபடி திறந்தேன்.

அடுத்த பிரச்சினை எங்கள் துறைத் தலைவர். நல்ல மனிதர், விளக்கம் என்றால் மட்டும் அலர்ஜி. எதையும் மூன்று வரியில் சொல்ல வேண்டும். மூன்றாவது வரிக்குள் அவர் போனை எடுத்துவிடுவார். படிக்காத எழுத்து, மூலப் பிரதி என்று ஆரம்பித்தால் கூட்டம் முடிந்துவிடும், வண்டி போய்விடும்.

"அவருக்கும் காலிக் கோப்பையே காட்டிடலாமா?" என்றாள் கோமதி.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை நீங்கள் செய்ய வேண்டாம். எனக்குப் பணி முடிய இரண்டு வருடம் இருந்தது, உங்களுக்கு முப்பது இருக்கிறது.

சனிக்கிழமை கூட்டத்தில் தலைவர், விடுதிக் காப்பாளர் அம்மா, கொம்யூனிலிருந்து வந்த சுகாதார ஆய்வாளர் மூவரும் இருந்தார்கள். கோமதி சுவரோரம் நின்றாள். தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று முன்பே சத்தியம் வாங்கியிருந்தாள். நான் திரையை இறக்கி, திருத்தாத பழைய ஜாடையைத் திறந்தேன்.

"சார், முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி இன்னும் மூணு சாம்பிள் பாத்துடலாம்."

"சீக்கிரம்" என்றார் தலைவர்.

முதல் கோப்பின் பெயர் 'தலைவர் அறைக் காபி'. ஓட்டினேன். திரையில் வந்தது: வித்தியாசம் இரண்டு எழுத்து. ஒரே கிருமி.

தலைவர் கையிலிருந்த காபிக் கோப்பையை மேசையில் வைத்தார். மிகவும் மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார்.

"எப்ப எடுத்தீங்க இத?"

"சொல்றேன் சார்." இரண்டாவது கோப்பு 'கொம்யூன் ஆபீஸ் குடிதண்ணீர்'. இரண்டு எழுத்து. ஒரே கிருமி. சுகாதார ஆய்வாளர் பாதி எழுந்தார். "மேடம், இது இன்னா மேடம், யாரு பர்மிஷன்ல எங்க ஆபீசுக்குள்ள..."

மூன்றாவது கோப்பு 'சகுந்தலா'. அதுவும் ஒரே கிருமி. நானும் குற்றவாளி.

"மூணுமே காலிக் கோப்பு சார்" என்றேன். "உள்ள ஒரு எழுத்துகூட இல்ல. நான் யாரோட காபியையும் தொடல. ஒண்ணுமே இல்லாத கோப்பக் கொடுத்தாலும் என் புரோகிராம் அதே கிருமின்னுதான் சொல்லும். சட்னி சாம்பிள்லயும் கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது. ஒரு பயனர் நாலு மாசத்துக்கு முன்னாடியே சொன்னாங்க, நான் மூடிட்டேன்."

நான்கு வரிக்கு மேல் ஆகிவிட்டது. அவர் போனை எடுக்கவில்லை.

காப்பாளர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக்க முயன்று தோற்றார். தலைவர் சிரிக்கவில்லை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். காபிக்காகவாவது திட்டியிருக்கலாம். அவர் தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப இதுக்கு முன்னாடி குடுத்த ரிப்போர்ட்டெல்லாம்?"

அதுவரை நான் மேடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியோடு இறங்கிவிட்டேன். அடுத்த மூன்று வாரம் நானும் கோமதியும் பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். இரண்டு மாறின. ஒன்றில் யாருக்கும் பாதிப்பில்லை. மற்றொன்றில், எங்களிடம் அறிக்கை கேட்டு வாங்கிய வேறொரு தேசத்து ஆஸ்பத்திரி ஒன்று, தொற்று தங்களிடம் இருந்துதான் கிளம்பியது என்று நம்பி ஒரு வார்டையே மூடியிருந்தது. அவர்களுக்கு நான் எழுதிய கடிதத்தைப் போல இன்னொன்றை வாழ்க்கையில் எழுத விரும்பவில்லை. 'தெரிவித்ததற்கு நன்றி' என்று ஒரே வரி பதில் வந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் எனக்கு வேடிக்கை வராது.

சட்னிதான் காரணம் என்று முடிவாகிவிட்டதால், விடுதிச் சமையலறையில் யாரும் சாம்பிளே எடுத்திருக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் கோமதி குளிர்சாதனப் பெட்டி வரைக்கும் போய் எடுத்து வந்தாள். காய்ச்சல் வருவதற்குச் சற்று முன்பு 'ஆரோக்கிய உணவு வாரம்' என்று நிர்வாகம் கொண்டாடியபோது, இட்லி தோசைக்குப் பதிலாக ஒரு சாண்ட்விச் கொடுத்தார்கள். அதில் தடவப் பச்சை முட்டையை அடித்து ஒரு வெள்ளைப் பசை செய்து வைத்திருந்தார்கள். மிச்சம் ஒரு டப்பாவில் இருந்தது. நன்றாக வளர்ந்தது, ஒழுங்காகப் படிக்க முடிந்தது. மாணவிகளின் கிருமிக்கும் அதற்கும் ஒரு எழுத்துகூட வித்தியாசமில்லை என்றது திருத்திய ஜாடை. சாண்ட்விச் சரியில்லை என்று அந்தப் பெண்கள் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்து அந்தோணியம்மாவிடம் சாப்பிட்டிருக்கிறார்கள். விசாரணையில் எல்லோரும் அவர் பெயரைச் சொன்னது அதனால்தான். மாணவிகள் எல்லோரும் தேறிவிட்டார்கள். ஆரோக்கிய உணவு வாரம் அதற்குப் பிறகு வரவில்லை.

வண்டி எடுக்க வேண்டிய அந்தத் திங்கட்கிழமை காலை அந்தோணியம்மா மறுபடி கடை போட்டார். எட்டு மணிக்கு நான் போனேன். நிர்வாகம் அவரிடம் 'கிருமி இல்லை' என்று மட்டும் சொல்லியிருந்தது. மற்றதைச் சொல்ல வேண்டியவள் நான். தோசை திருப்பிக்கொண்டிருந்தவரிடம் முழுவதையும் சொன்னேன்.

"புரோகிராமா?" என்றார். "அது வந்து என் கடையில சாப்ட்டுச்சா?"

"இல்லம்மா."

"சாப்புடாமயே சொல்லிச்சா?"

"ஆமாம்மா."

"அத நீ எழுதினியா?"

"நான்தான்."

தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். அறையப் போகிறார் என்று நினைத்தேன். அப்படியே சாலையைக் கடந்து எதிர்ச்சாரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே முருகவேல் பரோட்டாக் கடை. அவர்தான் போட்டிக்கு மொட்டைப் பெட்டிஷன் போட்டார் என்று அந்தோணியம்மா நம்பியிருக்கிறார். கடை மூடிக் கிடந்த பத்து நாளும், பஸ் ஸ்டாப்பில் நின்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் முருகவேலைப் பற்றிப் பேசியிருக்கிறார். இதில் எனக்கு ஒன்றுமே தெரியாது. என் நான்கு வரிப் பிழை சாலையைக் கடந்து இவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்று எந்தச் சோதனையும் எனக்குக் காட்டவில்லை.

"சொல்லு இவங்கிட்ட" என்றார் அந்தோணியம்மா.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மாவு ஒட்டிய கையோடு கேட்டுக்கொண்டிருந்த முருகவேல், முடிந்ததும் என்னை விட்டுவிட்டு அந்தோணியம்மா பக்கம் திரும்பினார்.

"பாத்தியாக்கா? நான் இல்லன்னு தலையால அடிச்சிக்கினேன். ஊரு பூரா என்னைய நாறடிச்சியே. பெட்டிஷன் போட்டவன்ன, கூட இருந்தே குழி பறிச்சவன்ன. என் எண்ணெயப் பத்தி, ஒரே எண்ணெய ஒரு வாரம் காய்ச்சறான்னு வேற சொன்னியே."

அந்தோணியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"பெட்டிஷன் தப்புதான்டா தம்பி, மன்னிச்சுக்க" என்றார். "எண்ணெ நெசம்."